கொடுக்கும் தகுதி

தானம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் இருவர் தோன்றுகின்றனர். ஒருவர் கொடுப்பவர், அவரது கை மேலே இருக்கிறது. மற்றவர் பெறுபவர், அவரது கை கீழே இருக்கிறது. தானத்தைப் பற்றி ஆராயும்போது நாம் பெரும்பாலும் கீழே இருக்கும் கையைப் பற்றியே கேட்கிறோம். பெறுபவர் தகுதியுடையவர்தானா, அவருக்கு உண்மையிலேயே தேவை உள்ளதா, பெற்றதை நல்வழியில் செலவிடுவாரா என்று பார்க்கிறோம். 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்ற பழமொழியும் இதையே நமக்குச் சொல்கிறது.

மேலே இருக்கும் கையைப் பற்றி நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. கொடுக்கும் தகுதி யாருக்கு உண்டு? தமக்கே போதிய அளவு இல்லாதவர் பிறருக்குக் கொடுக்கலாமா? சமூகம் ஒதுக்கி வைத்தவர் கொடுத்தால் ஊர் அதை ஏற்குமா? பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அனைவரும் கூடிப் பேசிப் பொதுக்காரியத்திற்கு வழங்கினால், அங்கே 'கொடுத்தவர்' என்று யாரைச் சொல்வது?

ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் ஆண்டு உபரியிலிருந்து பள்ளிக்கும் மருந்தகத்திற்கும் குடிநீர்க்கும் சிறு தொகைகளை வழங்கும்போது இந்தக் கேள்விகள் அனைத்தும் ஒருங்கே எழுகின்றன. தொகை சிறியது, கேள்வியோ பெரியது. அதற்கு விடை தேடப் புகுந்தால், கொல்கத்தா மாநகரின் வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்கிறது.

ஈகையும் ஒப்புரவும்

திருவள்ளுவர் கொடையைப் பற்றி ஒன்றை அடுத்து ஒன்றாக இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். இருபத்திரண்டாம் அதிகாரம் ஒப்புரவறிதல். இருபத்து மூன்றாம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுத்தலே என்றாலும் அவற்றை அவர் ஒன்றாகச் சேர்க்கவில்லை. ஒப்புரவை ஈகைக்கு முன்னால் வைத்தார் என்பதும் கருதத்தக்கது.

ஈகை என்பது வறியவர் ஒருவருக்கு வழங்குவது. அங்கே உள்ளவர், இல்லாதவர் என்ற இருவர் உண்டு. ஒப்புரவு என்பது உலகத்தோடு ஒத்து, ஊரோடு சேர்ந்து, பொதுவுக்கு உதவுவது. இதற்கு அவர் காட்டும் உவமைகளும் ஊர்ப் பொதுவில் நிற்பவை: ஊரார் நீர் முகக்கும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகப் பயன்படும் மரம். ஊர்க்குளத்தில் நீர் எடுப்பவர் யாரும் தம்மைப் பிச்சை பெற்றவராக எண்ணுவதில்லை. அக்குளத்தை வெட்டியவர்களின் பிள்ளைகளும் பிறரோடு அதே படியில் இறங்கித்தான் நீர் எடுக்கின்றனர்.

கூட்டுறவுச் சங்கம் வழங்கும் பொதுநல நிதி ஈகையின் பாற்பட்டதன்று, ஒப்புரவின் பாற்பட்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மேற்கொண்டு செல்வது எளிதாகும்.

சட்டத்தில் மறைந்திருக்கும் ஓர் அறம்

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற்சட்டம் 1904ஆம் ஆண்டு, கல்கத்தா நாட்டின் தலைநகராக இருந்த காலத்தில் இயற்றப்பட்டது. அதே ஆண்டிலேயே நம் தமிழகத்தின் திரூர் கிராமத்தில் ஒரு கடன் சங்கம் பதிவாயிற்று. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. வட்டிக்காரரின் பிடியிலிருந்து உழவரையும் சிறு வருவாயினரையும் மீட்பதே அன்றைய நோக்கம்.

1912ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தி விரிவாக்கப்பட்டது. அதன் 34ஆம் பிரிவு நாம் கருதும் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. ஒரு சங்கம் தன் நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கை முதலில் காப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும். அதன்பின் எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை, பதிவாளரின் இசைவுடன், அறப்பணிகளுக்கு வழங்கலாம். அறப்பணி என்றால் எது என்பதற்கு அப்பிரிவு 1890ஆம் ஆண்டின் அறநிலைக் கொடைச் சட்டத்தைச் சுட்டியது. ஏழைகளின் துயர் துடைத்தல், கல்வி, மருத்துவ உதவி, பொதுமக்களுக்குப் பயன்படும் பிற பணிகள் ஆகியவை அதில் அடங்கும். முற்றிலும் சமய போதனைக்காகவோ வழிபாட்டிற்காகவோ மட்டும் ஆவது அதில் அடங்காது. பிற்காலத்தில் பல மாநிலங்களின் கூட்டுறவுச் சட்டங்களிலும் இக்கருத்து பொதுநல நிதி போன்ற பெயர்களில் தொடர்ந்தது.

வறண்ட எண்களாகத் தோன்றும் இவ்விதியில் ஒரு வாழ்க்கை நெறி இருக்கிறது. ஒரு சங்கத்திற்கு ஆண்டு முடிவில் 1,000 ரூபாய் நிகர லாபம் என்று வைத்துக்கொள்வோம். 250 ரூபாய் காப்பு நிதிக்குச் செல்லும். எஞ்சிய 750 ரூபாயில் 75 ரூபாய் வரை ஊர்ப்பணிக்கு அளிக்கலாம். நாளைய தேவைக்கு முதலிடம். ஆயினும் அண்டை வீட்டாருக்கு இடமே இல்லாமற் போய்விடவில்லை. தன் குடும்பத்தைப் பட்டினி போட்டுப் புகழ் தேடும் கொடையையும் இவ்விதி தடுக்கிறது. தன் குடும்பம் என்ற வட்டத்திற்குள்ளேயே அனைத்தையும் பூட்டிவைக்கும் உலோபத்திற்கும் மாற்றுவழி காட்டுகிறது. இல்லறத்தான் எவனும் தன் வீட்டுக் கணக்கிலும் கைக்கொள்ளத்தக்க அளவு இது.

உலகக் கூட்டுறவு இயக்கம் இதே எண்ணத்தைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக எழுதி வைத்தது 1995ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு, சமுதாயத்தின்பால் அக்கறை என்பதை ஏழாவது கொள்கையாக ஏற்றது. தற்செயலாக அதே 1995ஆம் ஆண்டில்தான் கொல்கத்தாவில், கொடுக்கும் தகுதியைப் பற்றிய நம் கேள்வியைக் கூர்மையாக்கிய ஒரு சங்கமும் பிறந்தது.

சோனாகாச்சியில் ஒரு சங்கம்

கொல்கத்தாவிற்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் வடபகுதியில் சுவாமி விவேகானந்தர் பிறந்த சிம்லா இல்லத்தைக் காணாமல் திரும்புவதில்லை. அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் சோனாகாச்சி என்னும் பகுதி இருக்கிறது. உடலை விற்றுப் பிழைக்கும் நிலைக்கு ஆளான பெண்கள் ஆயிரக்கணக்கில் வாழும் இடம் அது. யாத்திரிகர்கள் அத்தெருக்களை அறிவதில்லை, அறிந்தாலும் பேசுவதில்லை.

1992ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் உள்ள அகில இந்தியச் சுகாதாரம் மற்றும் பொது நல நிறுவனத்தின் சார்பில் அங்கே ஒரு நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்குப் பொறுப்பேற்றவர் டாக்டர் ஸ்மரஜித் ஜானா. இவர் 2021ஆம் ஆண்டு கொரோனா தொற்றினால் மறைந்தார். எய்ட்ஸ் நோய் பரவாமல் தடுக்கச் சென்ற அவரும் அவருடைய குழுவினரும் விரைவிலேயே ஓர் உண்மையை உணர்ந்தனர்: கடனில் மூழ்கியவளால் தன் உடல்நலத்தைக் காத்துக்கொள்ள இயலாது. அப்பெண்களுக்கு வங்கிக் கதவு திறக்கவில்லை. முகவரிச் சான்று இல்லை. அறிமுகம் செய்துவைப்பார் இல்லை. ஆகவே நோயுற்றாலும் குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தாலும் கொடுவட்டிக்காரரிடமே செல்ல வேண்டியிருந்தது. கடனை அடைப்பதற்காக, தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையையும் அவள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

ஆகவே அப்பெண்கள் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்க முனைந்தனர். அங்கேதான் எதிர்பாராத தடை வந்தது. கூட்டுறவு விதிகளின்படி உறுப்பினர் நன்னடத்தை உடையவராக இருத்தல் வேண்டும். இவர்கள் எப்படி உறுப்பினர் ஆவது? 'குடும்பப் பெண்கள்' என்று எழுதிக் கொடுத்தால் பதிவு செய்துவிடலாம் என்று அலுவலர்கள் வழி சொன்னார்கள். அப்பெண்கள் அதற்கு இசையவில்லை. நன்னடத்தையைச் சான்று கேட்கும் சட்டத்திற்கு ஒரு பொய்யின் மூலம் நுழைவதா என்பதே அவர்களுடைய நிலைப்பாட்டின் சாரம். உண்மையைச் சொல்லியே நின்றனர். மாநில அரசிடம் வாதாடினர். இறுதியில் தடை நீங்கியது. 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உஷா பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. உஷா என்றால் விடியல்.

யாருடைய நடத்தை அங்கே உயர்ந்து நின்றது என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

அச்சங்கத்தின் செயல்முறை எளியது. சேகரிப்போர் நாள்தோறும் வீடு வீடாகச் சென்று, அன்றன்று கிடைத்ததிலிருந்து சிறு தொகைகளைப் பெற்றுக் கணக்கில் வரவு வைக்கின்றனர். அப்பணமே மற்றோர் உறுப்பினருக்குக் குறைந்த வட்டியில் கடனாகிறது. ஒருத்தியின் சேமிப்பு இன்னொருத்தியின் மகனுக்குப் பள்ளிக் கட்டணமாகவும், வேறொருத்தியின் தாய்க்கு மருந்தாகவும், மற்றொருத்தி கிராமத்தில் கட்டும் வீட்டிற்குச் செங்கல்லாகவும் மாறுகிறது. ஒரு சிலரோடு தொடங்கிய சங்கம் பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்டதாக வளர்ந்தது. அதே ஆண்டில் உருவான தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற அமைப்பும் இச்சங்கமும் தோளோடு தோள் நின்று பணியாற்றின. அப்பெண்களின் குழந்தைகளுக்குக் கல்வி மையங்கள் அமைந்தன; நகருக்குத் தெற்கே பாருய்பூரில் விடுதி ஒன்றும் அமைந்தது. சிறுமியரும் வற்புறுத்திக் கொண்டுவரப்பட்டோரும் இத்தொழிலில் தள்ளப்படாமல் தடுக்க அவர்களே சுயகட்டுப்பாட்டு வாரியங்களை ஏற்படுத்தினர்.

ஊர் இவர்களைப் பெறத் தகுதியற்றவர் என்று மட்டும் கருதவில்லை. சேர்ந்து சேமிக்கவும், சேமித்ததைப் பிறருக்குத் தரவும் தகுதியற்றவர் என்றே கருதியது. ஆயினும் அவர்கள் வாசல் மண்ணை மட்டும் ஏற்றுக்கொண்டது! துர்க்கையின் திருவுருவம் வனையும்போது இத்தகைய வீடுகளின் வாசலிலிருந்து எடுத்த மண்ணைச் சிறிது கலப்பது வங்காளத்தில் நெடுநாள் வழக்கம். அதைப் புண்ணிய மண் என்கின்றனர். திருவுருவங்கள் வனையப்படும் குமார்துலியும் சோனாகாச்சிக்கு வெகு அண்மையில்தான் உள்ளது. மண்ணைக் கொடுக்கும் தகுதி உண்டு. ஆனால் தங்கள் தெருவில் அன்னைக்குப் பூஜை நடத்த அவர்கள் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் அனுமதி பெற்ற பிறகே அவர்களால் தம் சொந்தத் துர்க்கா பூஜையை நடத்த முடிந்தது. இவர்களும் கண்ணியத்துடன் வாழும் உரிமை உடையவர்கள் என்பதை வலியுறுத்தி உச்சநீதிமன்றம் விரிவான நெறிமுறைகளைப் பிறப்பித்தது 2022 மே 19 அன்றுதான்.

மறுக்கப்பட்ட கைகள்

கொடுக்கும் கையை ஊர் மறுத்தது கொல்கத்தாவில் இது முதல்முறை அன்று. ராணி ராசமணி தம் செல்வத்தைக் கொண்டு தட்சிணேஸ்வரத்தில் காளி கோயில் எழுப்பினார். அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, அக்கோயிலில் பூஜை செய்யவும் அங்கே பிரசாதம் ஏற்கவும் பண்டிதர்கள் தயங்கினர். கோயிலை ஓர் அந்தணருக்குத் தானம் செய்துவிட்டால் குற்றமில்லை என்று ராம்குமார் வழி கூறிய பின்னரே 1855 மே 31 அன்று பிரதிஷ்டை நிறைவேறியது. அன்று அவரது கொடையை ஏற்கத் தயங்கிய நகரம் இன்று அக்கோயிலின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது.

1883ஆம் ஆண்டில் பீடன் தெருவில் ஸ்டார் தியேட்டர் எழுந்த கதையும் இத்தகையதே. நடிகை வினோதினி தம் வாழ்வையே விலையாக வைத்ததால்தான் அந்த நாடக அரங்கத்திற்குப் பணம் கிடைத்தது. அவர் பெயரால் அதை அழைப்பதாக அவருக்கு நம்பிக்கை அளிக்கப்பட்டது. ஆனால் அவருடைய பின்னணி கொண்ட ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டினால் மக்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சி, இறுதியில் வேறு பெயர் வைத்துவிட்டனர். அவருடைய கொடை வேண்டியிருந்தது, பெயர் வேண்டியிருக்கவில்லை. அக்குழுவினர் 1888இல் ஹாத்திபாகான் பகுதிக்கு மாற்றிக்கொண்ட அரங்கத்திற்கு வினோதினியின் பெயரைச் சூட்டும் அறிவிப்பு 2024ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது.

நம் தமிழகத்திற்கும் இது புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் மாவட்டங்களின் நாடார் வணிகர்கள் தம் வாணிபத்தில் சிறு பங்கை மகமை என்ற பெயரில் ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தனர். விருதுநகரில் வீடுதோறும் அன்றாடம் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்து அதைக் கொண்டும் ஒரு பள்ளியை வளர்த்தனர். அதுவே சத்திரிய வித்தியாசாலை. அதே காலத்தில் அச்சமூகத்தினருக்குப் பல கோயில்களின் கதவு மூடியிருந்தது. கமுதிக் கோயில் வழக்கில் 1908ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் அவர்களுக்கு நுழையும் உரிமை கிடைக்கவில்லை. கோயிலுக்குள் வரத் தகுதியற்றவர் என்று சொல்லப்பட்டவர்கள் பிடி அரிசியால் ஒரு பள்ளியை நிலைநிறுத்தினர். அப்பள்ளியில் பயின்ற ஒரு சிறுவன் பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சர் ஆனார். 1956ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். அவர் கு. காமராஜர். ஒரு பிடி அரிசி எங்கே சென்று முடியும் என்பதை அதைப் பானையிலிருந்து எடுத்து வைத்த தாய்மார்கள் அறிந்திருக்க முடியாது.

பொருளின் தூய்மை

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழலாம். அறவழியில் ஈட்டிய பொருளைக் கொண்டு செய்யும் தானமே தூயது என்பது நம் முன்னோர் கூற்று. அப்படியானால் இழிந்ததென்று கருதப்படும் தொழிலில் வந்த பணத்தை அறப்பணிக்கு ஏற்கலாமா?

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இத்தொழிலை யாரும் போற்ற வேண்டியதில்லை. வறுமையும் வஞ்சகமும் எத்தனையோ பெண்களை அதில் தள்ளியுள்ளன. எந்தக் குழந்தையும் அதற்குள் வரக் கூடாது என்பதே எல்லோருடைய பிரார்த்தனையாகவும் இருக்க வேண்டும். ஆனால் பொருளின் தூய்மையை ஆராயப் புகுந்தால், ஒரே அளவுகோலால் எல்லாரையும் அளப்பதே நேர்மை. அப்பெண்ணிடம் பணம் கொடுத்தவர் தம் ஊர்த் திருவிழாவிற்கு நன்கொடை தரும்போது யாரும் ஆராய்வதில்லை. அவளிடம் கொடுவட்டி வாங்கியவர் கோயிலுக்கு விளக்கு உபயம் செய்தால் அவருடைய பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். கலப்படம் செய்தவர், கூலியைக் குறைத்தவர், வரியை ஏய்த்தவர் ஆகியோரின் காசோலைகளில் கறை தெரிவதில்லை. பலம் அற்றவர்களின் பணத்தில் மட்டுமே நமக்குக் கறை தெரிகிறது என்றால், நாம் ஆராய்ந்தது பொருளின் தூய்மையை அன்று, அவர்களுடைய நிலையைத்தான்.

பொருளைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இதை ஈட்டும்போது யார் வஞ்சிக்கப்பட்டார்? சோனாகாச்சியின் நாள்சேமிப்பில் வஞ்சிக்கப்பட்டவர் யாரேனும் உண்டு என்றால், அது அதைச் சேமித்தவளே. தனக்கு நேர்ந்த தீமையிலிருந்து அவள் இன்னொரு பெண்ணின் குழந்தைக்கு நன்மையை எடுத்துத் தருகிறாள். அக்கொடையை ஏற்க மறுப்பவர், வஞ்சிக்கப்பட்டவளையே குற்றவாளி ஆக்குகிறார்.

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தைச் சாத்வீகம், ராஜசம், தாமசம் என மூன்றாகப் பகுக்கிறது. கைம்மாறு கருதாமல், கடமை என்று, உரிய இடத்தில், உரிய காலத்தில், தக்கவருக்கு அளிப்பது முதல்வகை. பலனை நாடியோ மனமின்றியோ கொடுப்பது இரண்டாம் வகை. மரியாதையின்றி, இகழ்ச்சியோடு தருவது மூன்றாம் வகையில் சேர்கிறது. இடம், காலம், பெறுபவர், கொடுக்கும் மனநிலை ஆகியவை இப்பகுப்பில் பேசப்படுகின்றன. கொடுப்பவருடைய குலமோ செல்வமோ அங்கே ஓர் அளவுகோலாக வைக்கப்படவில்லை. நாமாக அதை இடையில் நுழைத்துவிட்டோம்.

'நான் கொடுத்தேன்' என்று சொல்ல ஒருவரும் இல்லை

கொடையின் மிகப் பெரிய ஆபத்து கொடுப்பவருடைய உள்ளத்தில் இருக்கிறது. கை நீளும்போதே 'நான்' என்பதும் நீள்கிறது. அதனால்தான் கொடுப்பவனுக்கு நாணமும் அச்சமும் வேண்டும் என்று தைத்திரீய உபநிஷதம் கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு அறிவுறுத்துகிறது. கொடுக்கும்போது நாணம் கொள்வது எளிதன்று. பெயர்ப்பலகை, புகைப்படம், பாராட்டு விழா ஆகிய அனைத்தும் அந்த நாணத்தைக் கலைக்கவே வருகின்றன.

கூட்டுறவின் பொதுநல நிதியில் இந்த ஆபத்து இயல்பாகவே குறைகிறது. ஒரு பள்ளிக்குக் கரும்பலகை வாங்க 5,000 ரூபாய் வழங்குவதென ஒரு சங்கம் தீர்மானிப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சங்கத்தில் 500 உறுப்பினர் இருந்தால், ஒருவருடைய பங்கு பத்து ரூபாய். யார் எழுந்து நின்று 'நான் கொடுத்தேன்' என்று சொல்வது? சொன்னால் சிரிப்புத்தான் வரும். நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் பேரவையில் ஒரே வாக்குதான். அகங்காரத்தைக் கரைக்க நெடுங்காலம் சாதனை செய்ய வேண்டியுள்ளது என்று பெரியோர் கூறுவர். கூடிக் கொடுப்பது அச்சாதனைக்கு இல்லறத்தாருக்கு வாய்த்த ஓர் எளிய பயிற்சி.

பெறுபவருக்கும் இதனால் நன்மை உண்டு. பெருந்தனக்காரர் ஒருவரின் பெருங்கொடையைப் பெற்ற நிறுவனம் அவருடைய முகக்குறிப்பைப் பார்த்தே நடக்க வேண்டியிருக்கும். ஐநூறு பேருடைய சிறுகொடையைப் பெற்ற பள்ளி யாருக்கும் அடிமை ஆவதில்லை. மேலும் அந்த ஐநூறு பேரில் பலருடைய பிள்ளைகள் அப்பள்ளியிலேயே படிப்பார்கள். கொடுத்த கையும் பெற்ற கையும் ஒரே உடலில் இருக்கும் விந்தை இது. ஊர்க்குளத்தின் உவமை இங்கே மெய்யாகிறது.

எச்சரிக்கைகள்

இவ்வளவு சொன்ன பிறகு, இவ்வழியில் உள்ள இடர்களையும் மறைக்கலாகாது.

முதலாவது, பெரும்பான்மையினர் வாக்களித்துக் கொடுப்பதில், விருப்பமில்லாத ஒருவருடைய பணமும் சேர்ந்துவிடுகிறது. அது அவருக்குத் தானம் ஆகுமா? மனமுவந்து கொடுக்காத பங்கில் அவருக்குப் புண்ணியம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அவர் தம் விருப்பத்தால் சங்கத்தில் சேர்ந்தவர்; விதிகளை அறிந்தவர்; சபையில் எழுந்து மறுத்துப் பேசும் உரிமை உடையவர். அவருடைய மறுப்பு பெரும்பாலும் சங்கத்திற்கு நன்மையே செய்யும். 'நம் உறுப்பினருக்கே கடன் தரப் பணம் போதவில்லையே, வெளியே ஏன் கொடுக்க வேண்டும்?' என்று ஒருவர் கேட்டால்தான் மற்றவர்கள் தம் கொடைக்குக் காரணம் தேடுவார்கள். தனி ஒருவருடைய தானத்தில் இவ்வாறு கேட்பதற்கு எவரும் இல்லை. பிறர் பணத்தில் தாராளம் காட்டுவது எளிது என்பதால்தான் சட்டமும் உச்சவரம்பு, பதிவாளர் இசைவு, தணிக்கை ஆகிய வேலிகளை இட்டது. பொதுநல நிதியைத் தம் செல்வாக்கிற்குப் பயன்படுத்திய நிர்வாகிகளையும் கூட்டுறவு உலகம் கண்டிருக்கிறது. வேலி தாண்டினால் ஒப்புரவு கொள்ளையாகிவிடும்.

இரண்டாவது, ஏழைகள் தமக்குள் உதவிக்கொள்வதைப் புகழும்போது, அரசும் சமுதாயமும் தம் கடமையை அவர்கள் தலையில் சுமத்திவிடக் கூடாது. பள்ளியும் மருத்துவமனையும் குடிநீரும் மக்களுக்கு உரிமையாகச் சேர வேண்டியவை. சங்கத்தின் சிறுநிதி அவற்றுக்கு மாற்றாகாது. பள்ளி வேண்டும் என்று உரத்துக் கேட்கும் துணிவை ஊருக்குத் தருவதே அதன் பெரும்பயன். தானும் ஒரு பங்கு கொடுத்தவன் கேட்கும்போது அவன் குரலில் இரத்தல் இருப்பதில்லை.

மூன்றாவது, சிறு தொகைக்குச் சிறு தொகையின் எல்லை உண்டு. அது ஒரு வகுப்பறைக்குக் கூரை வேயலாம்; ஒரு தெருவின் சாதிப் பிளவைத் தானாக மாற்றிவிடாது. சோனாகாச்சிப் பெண்களின் சேமிப்பு வட்டிக்காரரின் பிடியைத் தளர்த்தியது. உலகத்தின் பார்வையை முழுவதும் மாற்றிவிடவில்லை. அதை மாற்றும் பொறுப்பு அவர்களுடையதன்று, பார்ப்பவர்களாகிய நம்முடையது.

நாம் செய்யக்கூடியது

கொடுக்கும் தகுதி யாருக்கு உண்டு என்று கேட்டோம். ஒருவரைக் கொடுக்கத் தகுதியற்றவர் என்று விலக்குவது, அவரை என்றென்றும் கை தாழ்த்தியவராகவே இருத்தி வைப்பதாகும். பசித்தவனுக்குச் சோறு மறுப்பதைவிட நுட்பமான கொடுமை இது. சோறு மறுக்கப்பட்டவனுக்கு உடல் வாடுகிறது. கொடுக்கும் உரிமை மறுக்கப்பட்டவனுக்கு, தானும் பிறருக்குப் பயன்படுவோம் என்ற நம்பிக்கையே வாடுகிறது. 1995ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் ஒரு சில பெண்கள் பொய்க் கையெழுத்திட மறுத்து நின்றபோது அவர்கள் காத்துக்கொண்டது இந்த நம்பிக்கையைத்தான்.

இந்தியாவின் 97ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நம்மில் பலர் பால் சங்கத்திலோ, ஊழியர் கடன் சங்கத்திலோ, நகரக் கூட்டுறவு வங்கியிலோ உறுப்பினராக இருக்கிறோம். ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்கான அறிவிப்பு வரும்போது பெரும்பாலோர் அதை மடித்து வைத்துவிடுகிறோம். அந்த அறிவிப்பில் லாபப் பிரிவினை என்று ஓர் இனம் இருக்கும். அடுத்த முறை அதைப் படிப்போம், கூட்டத்திற்குச் செல்வோம், பொதுநலத்திற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எங்கே சென்றது என்று கேட்போம். நம் சங்கத்தில் சேர விரும்பியும் ஏதோ ஒரு காரணத்தால் வெளியே நிறுத்தப்பட்டவர் யாரேனும் உண்டா என்பதையும் கேட்போம். அவருக்கு அங்கே ஓர் இருக்கை கிடைக்கச் செய்வதே அவ்வாண்டின் மிகச் சிறந்த தானமாக அமையக்கூடும்.